ஒரே பெயரில் ஒரு கோப்புறையும் ஒரு கோப்பும்: 412 கல்யாணப் படங்கள் எங்கே போயின?

வெள்ளவத்தைக் கமெரா | திங்கள், இரவு 10.50

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுப்பதும் எடுத்த படங்களைப் பிரித்து அடுக்குவதும் என் வேலை. கணினியைத் தொடவே பயமாக இருப்பதால் கைபேசியில் இருந்து எழுதுகிறேன். இதில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறது, ஆகவே கட்டளைகளும் தமிழ் எழுத்தில்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம். கமெரா அட்டையில் 412 படங்கள். எங்கள் வழக்கம் ஊருக்கு ஒரு கோப்புறை: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை. உபுண்டு லினக்ஸுக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. கையால் அடித்து அலுத்துப்போய், கட்டளைகளைத் தானாக ஓட்டும் ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஊரின் பெயரைக் கொடுத்தால் அட்டையில் உள்ள ஒவ்வொரு படத்தையும் அந்த ஊரின் கோப்புறைக்கு நகர்த்த வேண்டும். உள்ளே இருப்பது ஒரேயொரு ஃபார் சுற்று: ஒவ்வொரு ஜேபிஜி கோப்புக்கும் "எம்வி, கோப்பு, ஊர்" (எம்வி என்பது நகர்த்தும் கட்டளை). வெள்ளவத்தைக்கு இரண்டு முறை, தெஹிவளைக்கு ஒரு முறை ஓட்டினேன். குறையில்லை.

இன்று கொட்டாஞ்சேனைக்கு ஓட்டினேன். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. அட்டை வெறுமையாகிவிட்டது. கோப்புறையும் வெறுமை. ஆனால் கோப்புறைக்குப் பக்கத்தில், எழுத்துக்கு எழுத்து அதே பெயரில், ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. திறந்தால் கடைசிப் படம்: மாப்பிள்ளையின் பெரியப்பா ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். தாலி கட்டும் படம் இல்லை, மணவறை இல்லை, மிச்சம் 411ம் இல்லை.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்? என் படங்கள் எங்கே?

மூன்றாம் குறுக்குத் தெரு | இரவு 10.58

சுட்டியால் பிடித்து இழுத்துப் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. கறுப்புத் திரையில் தட்டினால்தான் கெட்டிக்காரன் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? புறக்கோட்டையில் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன், கணக்கு முழுக்கச் சுட்டியால்தான்.

தாரகை | இரவு 11.04

தம்பி, முதலில் செய்ய வேண்டியது ஒன்று. அட்டையைக் கணினியில் இருந்து கழற்றுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிடுங்கள். கமெராவில் திரும்பப் போட வேண்டாம், "ஒரேயொரு படம் எடுத்துப் பார்க்கிறேன்" என்பதும் வேண்டாம். ஒரு வட்டில் இருந்து இன்னொரு வட்டுக்கு எம்வி செய்தால் அது உண்மையில் நகல் எடுத்துவிட்டு மூலத்தை அழிக்கிறது. அழிப்பது என்றால் பட்டியலில் இருந்து பெயரை எடுப்பதுதான். படத்தின் உடல், மேலே வேறெதுவும் எழுதப்படும்வரை, அட்டையிலேயே கிடக்கும். இப்போது உங்கள் எதிரி புதிதாக எழுதப்படும் எதுவும்தான்.

பூட்டிவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள். பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஊர்க் கோப்புறைகளை யார் உருவாக்கினார்கள்? ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் கையால் பரீட்சித்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், என்ன நடந்தது?

தெஹிவளை நரி | இரவு 11.10

பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான்.

வெள்ளவத்தைக் கமெரா | இரவு 11.31

பூட்டிவிட்டேன், அக்கா. நன்றி.

கோப்புறைகளை நான் உருவாக்கவில்லை. முதலாளியின் பழைய மாக் கணினியில் இருந்தவற்றை அப்படியே ஒரே பொதியாக, டார் கோப்பாகக் கட்டித் தந்தார், நான் என் மடிக்கணினியில் அவிழ்த்தேன்.

கையால் பரீட்சித்தேன். மூன்று படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். முதலாவது சத்தமில்லாமல் போனது. இரண்டாவதுக்கு "மேலெழுதவா?" என்று கேட்டது. அதே பெயரில் பழைய படம் ஏதோ இருக்கிறது என்று நினைத்து ஆம் என்றேன். மூன்றாவதுக்கும் கேட்டது, ஆம் என்றேன். ஸ்கிரிப்டில் அந்தக் கேள்வி வரவே இல்லை, ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

நரி அண்ணா, வெற்றிடம் இல்லை. எல்எஸ் கட்டளைக்குப் பெரிய கியூ போட்டு மேற்கோள் குறிகளோடு பார்த்தேன். இரண்டு பெயரும் ஒன்றுதான்.

கறுப்புத்திரை | செவ்வாய், காலை 5.40

விடியற்காலையில் வாசித்தேன். தம்பி, ஷெல் (நீங்கள் கட்டளை தட்டும் நிரல், உங்களிடம் இருப்பது பாஷ்) உங்களை இரண்டு முறை எச்சரித்திருக்கிறது, நீங்கள் இரண்டு முறையும் "ஆம்" என்றிருக்கிறீர்கள். குற்றம் சொல்லவில்லை. நானும் இதே குழியில் விழுந்து எழும்பியவன்தான்.

எம்வி கட்டளைக்கு இரண்டு தொழில். கடைசியாகச் சொல்லும் பெயர் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறை என்றால், அதற்குள் போடும். அப்படி ஒன்று இல்லையென்றால், "ஓ, இவர் பெயர் மாற்றச் சொல்கிறார்" என்று எடுத்துக்கொண்டு கோப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடும். கொட்டாஞ்சேனை என்ற கோப்புறை உங்கள் ஸ்கிரிப்டின் கண்ணில் படவில்லை. ஏன் படவில்லை என்பது வேறு கதை, அதற்குத் தாரகைதான் சரியான ஆள். படாததால் முதல் படம் "கொட்டாஞ்சேனை" என்ற கோப்பாக மாறியது. இரண்டாவது படம் அதே பெயரை எடுத்துக்கொண்டு முதலாவதை அழித்தது. மூன்றாவது இரண்டாவதை. இப்படி 412 முறை. பெரியப்பா வரிசையில் கடைசியாக நின்றதால் தப்பினார்.

கையால் அடித்தபோது கேட்டது, ஸ்கிரிப்டில் ஏன் கேட்கவில்லை? பாஷின் அமைப்புகள் இருக்கும் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள். எம்வி என்றால் "எம்வி, சிறிய ஐ", அதாவது மேலெழுதுமுன் கேள், என்று ஓர் அலியாஸ் (மாற்றுப் பெயர்) யாரோ போட்டிருப்பார்கள். ரெட் ஹாட் குடும்ப லினக்ஸ்களில் நிர்வாகியான ரூட் பயனருக்கு அது பிறவியிலேயே இருக்கும், உபுண்டுவில் நண்பர் யாராவது நல்ல மனதோடு சேர்த்திருப்பார். அந்த அலியாஸ் நீங்கள் முன்னால் உட்கார்ந்து தட்டும் ஷெல்லுக்கு மட்டும்தான். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் அந்தக் கோப்பை வாசிப்பதே இல்லை, அலியாஸை விரித்துப் பார்ப்பதும் இல்லை. கையில் இருந்த கையுறை ஸ்கிரிப்டுக்குள் போகும்போது கழன்றுவிடுகிறது.

இதனால்தான் நான் எம்விக்கும், அழிக்கும் கட்டளையான ஆர்எம்முக்கும் அலியாஸ் போடுவதில்லை. "கேட்கும்" என்று விரல் பழகிவிடுகிறது. ஒரு நாள் வேறொருவரின் சர்வரில் உட்காரும்போது அது கேட்காது.

இன்னொன்று. அந்தச் சுற்றே தேவையில்லை. "எம்வி *.ஜேபிஜி கொட்டாஞ்சேனை" என்று ஒரே வரியில் 412 பெயரையும் கொடுத்திருந்தால், பல கோப்புகளுக்கு ஒரே பெயரைச் சூட்ட முடியாது என்பதால், "இலக்கு கோப்புறை அல்ல" என்று எம்வி முதலிலேயே மறுத்திருக்கும். ஒவ்வொன்றாக ஊட்டியதால்தான் அதற்குச் சந்தேகம் வரவில்லை.

வெள்ளவத்தைக் கமெரா | காலை 7.15

பாஷ்ஆர்சியில் அலியாஸ் இருக்கிறது, ஐயா. யூனிட்டி பிளாசாவில் மடிக்கணினி வாங்கியபோது உபுண்டு போட்டுத்தந்த நண்பன் சேர்த்தது. இப்போது விளங்குகிறது.

ஆனால் கோப்புறை அங்கே இருந்ததே! நான் கண்ணால் பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன்.

தாரகை | காலை 7.22

பார்க்கிறீர்கள், ஆனால் எண்ணவில்லை. ஒரு சின்ன வேலை தருகிறேன். அட்டை வெளியே இருக்கும்போது கணினியைத் தொடலாம், பயப்பட வேண்டாம். இரண்டு பெயர்களையும் தனித்தனியாக டபிள்யூசி கட்டளைக்குள் குழாய் வழியாக விட்டு, சிறிய சி கொடுத்து, எத்தனை பைட் என்று சொல்லுங்கள். பெயரைக் கையால் தட்ட வேண்டாம், நட்சத்திரக் குறியால் ஷெல்லே எடுக்கட்டும். எக்கோ வேண்டாம், பிரிண்ட்எஃப் போடுங்கள், இல்லாவிட்டால் வரிமுறிவும் ஒரு பைட்டாகக் கணக்கில் சேரும்.

வெள்ளவத்தைக் கமெரா | காலை 7.49

கோப்பு: 36. கோப்புறை: 39.

இது என்ன மாயம்?

தாரகை | காலை 8.30

பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன், பம்பலப்பிட்டியில் நெரிசல்.

கொட்டாஞ்சேனை என்று நாம் வாசிக்கும்போது ஆறு எழுத்து: கொ, ட், டா, ஞ், சே, னை. யூனிக்கோட் எண்ணும் முறை வேறு. க, ஒகரக் குறி, ட, புள்ளி என்று பிரித்து 12 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 12 முறை 3, ஆக 36. நீங்கள் விசைப்பலகையில் தட்டிய பெயர் இதுதான்.

39 எங்கிருந்து வந்தது? "கொ" என்பதில் உள்ள குறியை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறி. மற்றது, கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒரே உருவம், பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாவது வகையில் 13 குறி, 39 பைட்.

பழைய மாக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, நீங்கள் எப்படித் தட்டினாலும், இப்படிப் பிரித்துத்தான் பெயரைச் சேமிக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது, தட்டியதை அப்படியே வைத்துக்கொண்டு தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 இதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அதற்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறு என்றால் ஆள் வேறு. உங்கள் முதலாளியின் டார் கோப்பு பிரித்த பெயரை அப்படியே சுமந்துவந்தது, எக்ஸ்ட்4 அப்படியே வைத்தது, நீங்கள் சேர்த்த பெயரைத் தட்டினீர்கள். எம்வி தேடியது, அப்படி ஒரு கோப்புறை இல்லை.

வெள்ளவத்தையும் தெஹிவளையும் ஏன் தப்பின? அவற்றில் கொம்பு மட்டும்தான், கூடவே அரவு இல்லை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளில்தான் இந்தப் பிளவு வரும். கொழும்பு, கோட்டை, கொள்ளுப்பிட்டி, நுகேகொடை, எல்லாம் ஆபத்து. ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்கள் ஆயுள் முழுக்க இதைச் சந்திக்கவே மாட்டார்கள். ஆங்கிலப் பாடநூல்கள் பிரெஞ்சு எழுத்தின் தலைமேல் இருக்கும் குறியை உதாரணம் காட்டிவிட்டுப் போய்விடும். நமக்கு இது பெயரின் முதல் எழுத்திலேயே இருக்கிறது.

தீர்வு: கொன்வ்எம்வி என்று ஒரு சின்ன நிரல் உண்டு. மூலமும் இலக்கும் யூடிஎஃப்-8, என்எஃப்சி என்று சொன்னால் முழு மரத்தையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றும். முதல் ஓட்டத்தில் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும், "நோடெஸ்ட்" கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். எல்லாக் கட்டளைகளும் இப்படி மரியாதையாக நடந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கொட்டாஞ்சேனை என்ற அந்தப் போலிக் கோப்பை முதலில் வேறு பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் மோதும்.

மூன்றாம் குறுக்குத் தெரு | காலை 8.41

ஆக, சுட்டியால் இழுத்திருந்தால் சரியாகப் போயிருக்கும்.

கறுப்புத்திரை | காலை 9.05

போயிருக்கும். இந்த விடயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, ஐயா. சுட்டி பெயரைக் கேட்பதில்லை, பொருளைக் காட்டுகிறது.

ஷெல்லிலும் அப்படிக் காட்ட ஒரு வழி உண்டு, டாப் விசை. பெயரை முழுக்கத் தட்டாமல் "க" என்று மட்டும் தட்டி டாப் அடித்தால், வட்டில் உண்மையில் இருக்கும் பைட்டுகளைப் பாஷ் எடுத்து நிரப்பும். நீங்கள் "கொ" என்று தட்டி டாப் அடித்திருந்தால் அது நிரப்பாமல் நின்றிருக்கும். அந்த மௌனமும் ஒரு பதில்தான். 1994இல் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் நான் யூனிக்ஸ் பழகியபோது அங்கே இருந்த போர்ன் ஷெல்லில் டாப்பும் இல்லை, மேல் அம்பை அழுத்திப் பழைய கட்டளையை எடுப்பதும் இல்லை. ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் வரி முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும். அந்தத் தண்டனையில்தான் கவனம் வந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு டாப் இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் அதைச் சோம்பேறிகளின் விசை என்று நினைக்கிறார்கள்.

தெஹிவளை நரி | காலை 9.20

என் வெற்றிட ஊகம் பிழைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கிரிப்டின் தலையில் "செட், ஈ, யூ, பைப்ஃபெயில்" போட்டிருந்தால் இது நடந்திருக்காதே?

கறுப்புத்திரை | காலை 9.38

நடந்திருக்கும். அது கட்டளை தோற்றால் நிறுத்தும், மாறிக்குப் பெறுமதி இல்லையென்றால் நிறுத்தும். இங்கே எதுவும் தோற்கவில்லை. 412 முறையும் எம்வி சொன்னதைச் செய்து பூச்சியத்தை, அதாவது "வெற்றி" என்பதை, திருப்பித் தந்தது. ஷெல்லின் கணக்கில் நேற்று ஒரு நல்ல நாள்.

அதற்காகச் செட் யூ வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு நிரலின் ஸ்கிரிப்டில் ஒரு வரி பேசப்பட்டது நினைவிருக்கிறதா? ஒரு மாறி, அதன் பின்னால் சாய்கோடு, நட்சத்திரம், முன்னால் ஆர்எம் ஆர்எஃப். அந்த மாறி வெறுமையாகும் தருணத்தில் மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும்தான், வட்டின் வேரில் இருந்து அழிப்பு. அந்த வரிக்கு மேலே "பயமாக இருக்கிறது" என்ற பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பும் வைத்திருந்தார். பயம் வந்த இடத்தில் குறிப்பு எழுதுவதற்குப் பதிலாக மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டிருந்தால், பெறுமதி இல்லாத இடத்திலேயே நின்றிருக்கும்.

தம்பியின் வியாதிக்கு மருந்து வேறு. எம்விக்கு சிறிய டி கொடுத்து இலக்கை முதலில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது கோப்புறையாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எம்வி மறுக்கும். கூடவே சிறிய என், ஏற்கெனவே இருப்பதன்மேல் எழுதாமல் இருக்க. மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் சிறிய வி போட்டு ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும். அம்புக்குறியின் வலப்பக்கத்தில் "கொட்டாஞ்சேனை" என்று மட்டும் வந்து, பின்னால் சாய்கோடும் படத்தின் பெயரும் வராவிட்டால், கொன்ட்ரோல் சி.

தெஹிவளை நரி | காலை 9.44

பாஷுக்குப் பதிலான இசட்ஷெல்லில் மேற்கோள் இல்லாமலே மாறியின் பெறுமதி வெற்றிடத்தில் சிதறாது, ஐயா. நான் மாறிவிட்டேன்.

கறுப்புத்திரை | காலை 9.50

உண்மை. 2019இல் மாக் கணினிகளும் இசட்ஷெல்லுக்கு மாறின. ஆனால் நீங்கள் அங்கே பழகிய வரியை ஒரு நாள் பாஷ் சர்வரில் ஒட்டுவீர்கள். மேற்கோள் போட இரண்டு விரல் போதும்.

வெள்ளவத்தைக் கமெரா | புதன், இரவு 9.15

கிடைத்துவிட்டன!

தாரகை அக்கா தனிச்செய்தியில் சொன்னபடி முதலில் டிடி கட்டளையால் அட்டையின் முழுப் பிரதியை ஒரு கோப்பாக எடுத்தேன். உள்ளீடு எது, வெளியீடு எது என்று நாலு தரம் சரிபார்த்தேன், அம்மாவையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சத்தமாக வாசிக்கும்போது பிழை கண்ணில் படும் என்பது உண்மை. பிறகு அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் நிரலை அந்தப் பிரதியின்மேல் ஓட்டினேன். அட்டையைத் தொடவே இல்லை.

409 படங்கள் முழுமையாக இருக்கின்றன. மூன்று படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம், அவை பந்தியில் எடுத்தவை, நல்ல வேளை. தாலி கட்டும் படம் இருக்கிறது. கூடவே போன மாதம் அழித்த இரண்டு பிறந்தநாள் விழாக்களும் எழும்பி வந்துவிட்டன. பெயர்கள்தான் போய்விட்டன, எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும். எக்ஸிஃப்டூல் கொண்டு, படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தையே பெயராக வைத்து வரிசைப்படுத்தினேன்.

அங்கே ஒரு சின்னச் சிக்கல். கமெரா துபாயில் இருந்து வந்தது, கடிகாரம் இன்னும் அந்த ஊர் நேரத்தில். ஆகவே காலை 9.10 முகூர்த்தம் 7.40 என்று காட்டுகிறது. ஒன்றரை மணி கூட்டச் சொல்லி ஒரு வரி எழுதினேன். சரியா?

தாரகை | புதன், இரவு 9.32

சரிதான். எனக்கும் இப்போதுதான் மூச்சு வந்தது.

கறுப்புத்திரை | புதன், இரவு 9.47

இந்த ஒரு கல்யாணத்துக்குச் சரி. ஸ்டூடியோவின் பழைய படங்களுக்கும் ஓட்டும் எண்ணம் இருந்தால், உலகப் பொது நேரத்தைவிட நாம் முன்னால் நிற்கும் 5.30 என்ற எண்ணை ஸ்கிரிப்டில் எழுதிவிடாதீர்கள். 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னால் எடுத்தார்கள், 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். இடைப்பட்ட ஒன்பதரை வருடம் நாம் ஆறு மணி நேரத்தில் வாழ்ந்தோம், உங்களுக்கு நினைவிருக்காது. நேர வலயத்தைச் சொல்லும் டிஇசட் மாறிக்கு "ஏசியா, சாய்கோடு, கொழும்பு" என்று கொடுத்தால் டேட் கட்டளைக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். 2003ஆம் வருடத் திகதி ஒன்றைக் கொடுத்து நேர வலய எண்ணைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஆறு என்று வரும்.

வெள்ளவத்தைக் கமெரா | புதன், இரவு 9.58

பார்த்தேன், ஐயா. ஆறு என்றுதான் வருகிறது. நான் பிறந்த வருடத்துக்கும் ஆறு.

மூன்றாம் குறுக்குத் தெரு | வியாழன், முற்பகல் 11.20

தம்பி, படங்கள் கிடைத்ததில் சந்தோஷம்.

ஒரு கேள்வி, யாரும் சிரிக்கக் கூடாது. என் கடைச் சாமான்களின் படங்கள் அறுநூறுக்கு மேல் கணினியில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சாமானின் பெயர். "சோப்பு" என்று தேடினால் பாதிதான் வருகிறது. "சீனி" என்று தேடினால் எல்லாம் வருகிறது. தேடுபெட்டி பழுது என்று ஒரு வருடமாக ஏசிக்கொண்டிருக்கிறேன்.

தாரகை | வியாழன், முற்பகல் 11.26

படங்களுக்குப் பெயர் வைத்தது யார், ஐயா?

மூன்றாம் குறுக்குத் தெரு | வியாழன், முற்பகல் 11.31

பாதி நான். பாதி மருமகன், தன் பழைய மாக்கில்.

அந்தக் கொன்வ்எம்வி என்பதைச் சுட்டியால் ஓட்ட முடியுமா?